பிரெஞ்சில் எழுதிய மனு

"பிரெஞ்சுல எழுதியே எங்க ஊட்டுக்காரர கொன்னுட்டியேய்யா!"

"யாரு, நானா? தமிழ்லயே எழுதிடலாம்மான்னு நான் சொல்லல? நீ கேட்டியா?"

உப்பளம் முனையில் மனு எழுதும் நாராயணசாமியின் மேசையை அஞ்சலாட்சி பிடித்து உலுக்கினாள். தெரு மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டு நின்றது. அன்றைக்கு அடுப்பில் குழைந்த சோறு ஏழெட்டு வீட்டிலாவது இருக்கும்.

அவள் புருஷன் கொளஞ்சி மில் தொழிலாளி. சாராயக்கடை அடிதடியில் ஆறு மாதம் உள்ளே போனான். பார்க்கப் போனவளிடம் யார் அடித்தது என்று அவன் சொல்லவில்லை. வார்டர் ராஜாங்கம் பக்கத்திலேயே நின்றான். கொளஞ்சி சட்டையை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினான். விலா முழுக்க நாவல்பழ நிறம்.

நேராக நாராயணசாமியிடம் வந்தாள். "பிரெஞ்சுலயே எழுதுங்க முசியே, அப்பதான் மேல இருக்கறவங்க மதிப்பாங்க" என்று அடம் பிடித்தாள். அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தானே! பிரெஞ்சுக் கொடி இறங்கி எட்டு மாதம் ஆனதை யார் அவளுக்கு எடுத்துச் சொல்வது? நாராயணசாமியும் ஒரு தடவை மறுத்ததோடு சரி. பிரெஞ்சு எழுதி நாளாகியிருந்ததில் மனுஷனுக்குக் கை நமநமத்தது.

சிறையை மேற்பார்வை பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி நல்லவர்தான். பிரெஞ்சு மட்டும் தெரியாது. படித்துப் பார்த்துத் தமிழில் எழுதி அனுப்பும்படி, பிரெஞ்சு தெரிந்த ஜெயிலருக்கே மனுவை அனுப்பிவைத்தார். ஜெயிலர் ராஜாங்கத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வரி விடாமல் வாசித்துக் காட்டினாராம். அங்கே பெருக்கப் போகும் குஞ்சம்மாள் காதால் கேட்டது. அதிகாரிக்குத் தமிழில் போனது இவ்வளவுதான்: "கணவரைப் பார்க்க அனுமதித்ததற்கு நன்றி. குறை ஒன்றும் இல்லை."

மூன்றாம் நாள் கொளஞ்சியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். காய்ச்சலாம்.

அஞ்சலாட்சியின் கை மேசையை விட்டது.

"எங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் வாணாம்னுதான் சொன்னாரு" என்றாள். "சட்டைய எறக்கி உட்டுகினு, ஆறிடும் போடின்னாரு. நாந்தான் கேக்கல."

யாரும் போகச் சொல்லாமலே தெரு கலைந்தது அன்றைக்குத்தான்.

விசாரணை நடக்காமலில்லை. நடத்தியவர் ஜெயிலர். ராஜாங்கம் காரைக்காலுக்கு மாற்றலானான், ஒரு படி மேலே. நாராயணசாமி மகளை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்து, அவள் பின்னாலேயே போய்விட்டார். அஞ்சலாட்சி தவளக்குப்பத்து அண்ணன் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தாள். பிறகு பாவாடை என்ற நோணாங்குப்பத்துப் படகுக்காரன் அவளைக் கட்டிக்கொண்டான். நல்லவன்தானாம். உப்பளம் பக்கம் மட்டும் அவள் வருவதில்லை.