ஸ்டோல்பேயின் குதிரை

எல்மன்வெர்ட் நகரம் பேரரசரின் படையிடம் விழுந்தது செப்டம்பர் பதினேழாம் தேதி. சண்டை தொடங்கிப் பதினாறாவது வருஷம் அது. அதுவரை எங்களை ஆண்டுகொண்டிருந்த சுவீடன்காரர்கள் ஒரே ராத்திரியில் ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள். இருபதாம் தேதி காலை, ஆலைவாசல் தெருவில் ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து யாரோ சுட்டதில் புதுத் தளபதி கிராகலின் எக்காளக்காரன் செத்தான். சுட்டவன் அகப்படவில்லை. மதியத்துக்குள் அந்தத் தெருவில் முப்பது ஆண்களைப் பிடித்து உப்புக் கிடங்கில் அடைத்தார்கள்.

தண்டனை இப்படி: வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பேரைச் சந்தைத் திடலுக்குக் கொண்டுவந்து, ஒரு முரசின் தோல்மேல் பகடை உருட்டச் சொல்வார்கள். குறைந்த எண் விழுந்தவனுக்குத் தூக்கு. ஜெயித்தவன் கிடங்குக்குத் திரும்பி அடுத்த முறைக்குக் காத்திருப்பான். முதல் வெள்ளி தோல் பதனிடுபவன் போனான். இரண்டாவது வெள்ளி, கோயில் மணி அடிப்பவனின் மருமகன்.

அந்த முப்பது பேரில் ஒருவன் லீன்ஹார்ட், எங்கள் அச்சுக்கூடத்தின் முதலாளி. அவன் மனைவி வால்புர்கா செப்புத் தகட்டில் படம் செதுக்குபவள். அவள் அளவுக்குக் குதிரையின் கழுத்தைச் செதுக்கக்கூடியவர்கள் டானூப் கரையில் அப்போது யாரும் இல்லை. அச்சு உருளையைச் சுழற்ற வெண்டல் என்று ஒருவன் இருந்தான். படத்துக்கு அடியில் வரும் நாலு வரிகளையும், வெளியூர் வியாபாரிகளுக்குப் போகும் கடிதங்களையும் எழுதுவது என் வேலை.

அக்டோபர் மூன்றாம் தேதி தளபதி வால்புர்காவைக் கூப்பிட்டு அனுப்பினான். துணைக்கு நான் போனேன். நகர மன்றத்தில், மன்ற உறுப்பினர்கள் உட்காரும் மேஜையில் அவன் வாத்துக்கறி தின்றுகொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க் கையோடு ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினான். இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் அச்சிட்ட படம்: சுவீடன் தளபதி ஸ்டோல்பே, முன்னங்கால் தூக்கிய குதிரைமேல், கையில் கோல், பின்னால் எங்கள் ஊர்.

"இது நீ பண்ணதா?"

"எங்க கூடத்துலதாங்க."

"நல்லா இருக்கு. இவன் என்னைப் பிடிச்சு வச்சிருந்தானே, அப்போ இந்தக் குதிரை வாலோட என் கையைக் கட்டி மூணு நாள் நடக்க விட்டான். வெறுங்காலோட. தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க, தளபதி ஐயா."

"இப்போ தெரிஞ்சுபோச்சு." படத்தைக் கசக்கிக் கணப்பில் போட்டான். "ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் கிழிச்சு எரிக்கச் சொல்லியிருக்கேன். அந்தந்த ஆணியில நான் இருக்கணும். நல்ல குதிரையாப் போடு. இவனோடது கழுதை மாதிரி இருந்துச்சு. மார்ட்டின் திருநாளுக்குள்ள, நவம்பர் பதினொண்ணுக்குள்ள, முந்நூறு தாள்."

வால்புர்கா தலையைத் தூக்கினாள். "என் வீட்டுக்காரர் கிடங்குல இருக்காருங்க."

"முந்நூறு தாள் வரட்டும், உன் ஆளும் வருவான். அதுவரைக்கும் அவன் கைக்குப் பகடை போகாது. போதுமா?"

போதும் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் கூடத்தில் செப்பு இல்லை. படை நுழைந்த மறுநாளே, பீரங்கி வார்க்க என்று, தகடு, அண்டா, கூரை வடிகால் எல்லாவற்றையும் கிராகலின் ஆட்களே வாரிக்கொண்டு போயிருந்தார்கள். ரொட்டி அடுப்புக்குப் பின்னால் சொருகிவைத்த ஒரே ஒரு தகடு அவர்கள் கண்ணில் படவில்லை. அது ஸ்டோல்பேயின் தகடு.

தலை மாற்றுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. செப்பு விலை அப்படி. தளபதி தோற்றாலோ செத்தாலோ அவன் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, தகட்டைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தில் சுத்தியலால் தட்டிக் குழியை மேடாக்கி, மெருகிட்டுப் புது முகம் செதுக்குவோம். கவசமும் கோலும் குதிரையும் அப்படியே இருக்கும். வாங்குகிறவர்கள் யாரும் குதிரையைப் பார்ப்பதில்லை.

"ஸ்டோல்பேக்கு முந்தி இதுமேல யார் இருந்தாங்க தெரியுமா, எழுத்தரய்யா?" என்றான் வெண்டல், தகட்டைத் துடைத்தபடி. "ஒரு பவேரியாக்காரன். அவனுக்கு முந்தி டென்மார்க்காரன் ஒருத்தன். எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. குதிரை மட்டும் இன்னும் காலைக் கீழ வைக்கல. அதுக்குத்தான் இடுப்பு வலிக்கும், பாவம்."

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு," என்றாள் வால்புர்கா. ஆனால் சிரித்தாள். கணவன் பிடிபட்ட பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மூன்று முறை தட்டிய இடம். செப்பு அங்கே மெலிந்து, விரலால் அழுத்தினால் நெளிந்தது. ஸ்டோல்பேயின் தொப்பி விளிம்பும் மீசையும் ஆழமாக விழுந்த கோடுகள். முழுதாகச் சுரண்டினால் தகடு ஓட்டையாகும் என்று அடியில் மயிரிழை அளவு விட்டுவைத்தாள். புது முகத்தை மேலாக, மெல்லிய கோடுகளில் செதுக்கினாள். குதிரை நெற்றியில் வெள்ளைச் சுட்டி சேர்த்தாள். சேணத்துணியின் பூக்களை மாற்றினாள். அதற்குமேல் மாற்ற நாள் இல்லை.

"முந்நூறு தாங்கும்," என்று என்னிடம் சொன்னாள். "இழுத்துப் பிடிச்சா நானூறு. அப்புறம் மேல இருக்கிற கோடு தேஞ்சிடும், கீழ இருக்கிறவன் மையைக் குடிப்பான்."

வாசகத்தை நான் எழுதினேன். 'நீதியின் வாளே, இரக்கத்தின் நிழலே' என்று தொடங்கும் நாலு வரிகள்.

நவம்பர் ஆறாம் தேதி முந்நூறு தாள்களையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கிராகல் ஒரு தாளைக் கையை நீட்டிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். அவன் கன்னத்து அம்மைத் தழும்புகளை வால்புர்கா செதுக்கவில்லை. அதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"இது குதிரை!" என்றான் பக்கத்தில் நின்ற அதிகாரியிடம். "பார்த்தியா கழுத்தை? ஸ்டோல்பே செத்தாலும் இப்படி ஒண்ணுமேல உட்கார மாட்டான்." பிறகு வால்புர்காவைப் பார்த்தான். "ஆயிரமாப் பண்ணு."

"முந்நூறுன்னு சொன்னீங்களே, ஐயா."

"நல்லா இருக்கிறதாலதான் கேக்கறேன். கெட்டுப்போயிருந்தா கேப்பேனா?"

"தாள் இல்லைங்க."

"மடத்துலேருந்து எடுத்துத் தர்றேன். இன்னும் எழுநூறு. உன் ஆளு எங்க போயிடப் போறான், பத்திரமா உப்புக்குள்ளதான் இருக்கான். கெடாம இருப்பான்."

அதிகாரி சிரித்தான். தகடு தாங்காது என்று வால்புர்கா சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். தான் உட்கார்ந்திருப்பது ஸ்டோல்பேயின் உடம்பு, ஸ்டோல்பேயின் குதிரை என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

நானூற்று நாற்பதாவது தாளைக் கொடியில் போடப்போன வெண்டல் நின்றுவிட்டான்.

"அம்மா, தளபதிக்கு ரெண்டு மீசை."

அன்று முதல் ஐம்பது தாளுக்கு ஒருமுறை உருளையை நிறுத்தி அவள் முகத்தைத் திரும்பச் செதுக்கினாள். ஒவ்வொரு முறையும் செப்பு இன்னும் மெலிந்தது. அறுநூற்றில் தொப்பி விளிம்பு நெற்றிக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் எழுந்தது. எண்ணூற்றுப் பத்தில் இடது கண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கண் திறந்தது. அதன் பிறகு உளி வைக்க அங்கே செப்பே இல்லை. அதற்குள் நகரத்தில் மேலும் ஏழு வெள்ளிக்கிழமைகள் போயிருந்தன. கிடங்கில் மீதி இருபத்தொரு பேர்.

தாள்களை அடுக்கியது நான். நல்லவை மேலே, நல்லவை அடியில், மற்றவை நடுவில். எனக்கு அது சரியாகத்தான் தோன்றியது.

நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, மூவரும் போனோம். வெண்டல் தாள்கட்டை முதுகில் சுமந்துவந்து மேஜைமேல் இறக்கிவிட்டு, குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். கிராகல் மேல்தாளைப் பார்த்தான். தலையாட்டினான். பிறகு கட்டின் நடுவில் கையை நுழைத்தான்.

"முப்பது வருஷமா படைக்கு மாவு வாங்கறேன்," என்றான். "மணல் எப்பவும் மூட்டைக்கு நடுவுலதான் இருக்கும்."

உருவிய தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பேசியபோது குரல் தாழ்ந்து, பழைய சிநேகிதனைத் தெருவில் பார்த்தவன்போல இருந்தது.

"ஸ்டோல்பே."

வால்புர்கா மண்டியிட்டாள்.

"எழுந்திரு, எழுந்திரு. நான் கோவிக்கல. இது எப்படின்னு சொல்லு."

அவள் சொன்னாள். சுரண்டுவது, குப்புறப் போடுவது, பின்னாலிருந்து தட்டுவது, மெருகிடுவது. அவன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டு, பாடம் படிப்பவன்போலக் கேட்டுக்கொண்டான்.

"அப்போ உடம்பு அப்படியே இருக்கும். தலை மட்டும் மாறும்."

"ஆமாங்க."

"நல்ல வழக்கம். சிக்கனமா இருக்கு." நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் காலை நீட்டினான். "எனக்கும் ஒரு தகடு இருக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. உன் ஆளுக்காகப் பகடை போடாம விட்டுவச்ச இடம் ஒண்ணு தூக்குமரத்துல சும்மா கிடக்கு. நாளைக்கு அந்த இடத்துல ஒருத்தன் தொங்கணும், அது முடிவாயிடுச்சு. ஆனா நான் வாக்குத் தவறாதவன். ஆயிரம் தாள் கேட்டேன், ஆயிரம் வந்திருக்கு. உன் ஆளு வீட்டுக்கு வரலாம். நீ தலையை மாத்திக் குடு."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"யாரோட தலையை வைக்கிறது? நீயே சொல்லு. பேர் மட்டும் சொன்னாப் போதும். சொல்லலேன்னா பழைய தலையே இருக்கட்டும்."

வால்புர்கா எழுந்து நின்றாள். என் பக்கம் திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது.

"வெண்டல்," என்றேன் நான்.

அறையில் அந்தப் பெயர் என் குரலில் கேட்டது. கதவோரம் நின்றவன், உருளைச் சத்தத்தில் காது கேட்காதபோது கேட்பானே, அதேபோல, "என்ன எழுத்தரய்யா?" என்றான்.

கிராகல் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். சிரிப்பு வந்து, இருமல் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன்கிட்ட கேட்டேன், உன் எழுத்தர் பதில் சொல்றான். இருக்கட்டும். பேர் வந்தாச்சு."

அன்று சாயங்காலம் லீன்ஹார்ட் வீட்டுக்கு வந்தான். உதடும் விரல்களும் உப்பில் வெடித்திருந்தன. மறுநாள் வெண்டலுக்குப் பகடை தரவில்லை. முரசை மட்டும் வழக்கப்படி கொண்டுவந்து வைத்தார்கள். அவன் அதைக் காட்டி ஏதோ சொன்னான். முன்வரிசையில் நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். நான் பின்னால் நின்றதால் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

இரண்டு வருஷத்தில் கிராகலைப் பேரரசரே பதவியிலிருந்து நீக்கினார். மறு வசந்தத்தில் ஒரு சாக்ஸனித் தளபதி ஊருக்குள் வந்தான். அவனுக்கும் படம் வேண்டியிருந்தது. கூடத்தில் இப்போது உருளையைச் சுழற்றுவது லீன்ஹார்ட். வெண்டலின் கை பட்டுப் பட்டு வழவழப்பான அந்தப் பிடியை அவன் துணி சுற்றிப் பிடிப்பான். இந்தக் காலம் முழுதும் வால்புர்கா என்னிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறு பேசியதில்லை.

இந்தமுறை தகட்டின் தலைப்பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செப்பு வைத்து ஒட்டியிருந்தாள். விளிம்பைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அன்னைக்கு நான் என் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

நான் மைக்குப்பியை மூடினேன்.

"உங்களைப் பார்த்தது, லீன்ஹார்ட்டைப் பார்த்துக்கோங்கன்னு சொல்ல. என்னைத் தூக்கியிருப்பானோ, சிரிச்சிட்டு விட்டிருப்பானோ, அது தெரியாது. வெண்டல் வீட்டுக்குப் போயிருப்பான்." தகட்டைக் குப்புறப் போட்டு, சுத்தியலால் மூன்று தரம் தட்டினாள். திருப்பிப் பார்த்து ஊதினாள். "புது ஆளோட வாசகம் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்," என்று தாளை நீட்டினேன்.

'நீதியின் வாளே, இரக்கத்தின் நிழலே' என்று தொடங்கும் அதே நாலு வரிகள். பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.