நித்தியகல்யாணி விரிப்பு

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்த காலம். தேக்கா பகுதியின் எருமைக் கொட்டடிகளுக்குப் பின்னால் தங்கம் ஓர் அச்சுக் கொட்டகை வைத்திருந்தாள். கால்வாய்க் கரையிலும் புதர்களிலும் தானாகப் பூப்பவற்றைப் பறித்து வந்து, அவற்றின் வடிவத்தை மரக்கட்டையில் செதுக்கி, சேலைக்கும் தலையணை உறைக்கும் அச்சடிப்பாள். அதுதான் பிழைப்பு.

அன்று காலை மாட்டுவண்டிக்கார முத்துசாமி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய அக்கா மங்களம் உள்ளே வந்து ஒரு படுக்கை விரிப்பைத் தரையில் வீசினாள். மறுநாள் அவள் மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டுச் சீரோடு வந்த விரிப்பு அது. வெள்ளைத் துணி முழுக்க இளஞ்சிவப்பில் ஐந்திதழ்ப் பூக்கள்.

"இது என்ன பூ?" என்று மங்களம் கேட்டாள்.

"நித்தியகல்யாணிங்க."

"எங்க ஊர்ல இது சுடுகாட்டு மல்லி. கல்யாணக் கட்டில்ல விரிக்கிற துணியா இது?"

யார் அச்சடிக்கச் சொன்னது என்று முத்துசாமி துருவினான். மணப்பெண் சிவகாமிதான் அந்தப் பூக்களை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியமும் வாங்கியிருந்தாள். சொன்னால் கல்யாணமே நின்றுபோகலாம்.

"நானாத்தான் அடிச்சேன்" என்றாள் தங்கம்.

முத்துசாமி அந்தப் பூ செதுக்கிய கட்டையைத் தூக்கி அடுப்பில் போட்டான். மற்ற கட்டைகளையும் வாரினான். தங்கம் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறியதில் சாயப்பானை கவிழ்ந்தது. சிவப்புச் சாயம் மண்தரையில் மெல்லப் பரவியது.

அப்போது வாசலில் சிவகாமி நின்றாள். செய்தி காதில் விழுந்து, நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு அப்படியே ஓடிவந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"அவங்களை விடுங்க. நான்தான் கேட்டேன்." மங்களத்தை நேராகப் பார்த்தாள். "எங்கம்மாவைப் புதைச்ச இடத்துல பூத்தது, அத்தை. அம்மாவும் கல்யாணத்துக்கு வரணும்னு நெனச்சேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அடுப்பில் கட்டை வெடித்து எரிந்தது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று முத்துசாமி முணுமுணுத்தான். மங்களத்தின் முகம் இளகவில்லை.

சாயம் விரிப்பின் ஓரத்தைத் தொடப்போகும் நேரத்தில் மங்களம் குனிந்து அதை எடுத்தாள். மடித்தாள்.

"கட்டிலுக்கு வேணாம்" என்றாள். "மணவறைக்குப் பின்னால கட்டச் சொல்றேன். உங்கம்மா அங்க இருக்கட்டும்."

பிறகு தம்பியிடம் கட்டைகளைக் கீழே வைக்கச் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. முத்துசாமி பந்தியில் உட்காரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். தங்கம் போகவில்லை. எரிந்துபோன பூவை மறுபடி செதுக்கப் புதுக்கட்டை எடுத்து உட்கார்ந்தாள். உளியை எடுத்து, ஐந்து இதழ்களில் முதல் இதழைக் கீறத் தொடங்கினாள்.