எட்டா எண்பதா

...எட்டு, எண்பது இல்லை, எட்டு, என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள் மீட்டரக்கா, பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது, கையில் புதிய அட்டை, பழையதை நேற்று அவளே சுவரிலிருந்து கிழித்தெறிந்திருந்தாள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் சளி உறிஞ்சும் கருவிக்குப் புது மீட்டர் மாட்டியதும் அவள்தான், பழையது இழுப்பின் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் காட்டும், புதியது கிலோபாஸ்கலில், நர்ஸுகள் குழம்பிவிடக் கூடாதே என்று நல்லெண்ணத்தில்தான் அட்டை எழுதினாள், பழைய அறுபதுக்குப் புதியதில் எவ்வளவு என்று... பட்டறையில் வெற்றிட பம்புகளோடு மாரடித்து மாரடித்து, அங்கே எல்லாமே மில்லிபார் அளவில், அறுபது என்றதும் கை தானாக எண்பது என்று எழுதிவிட்டது. மில்லிபாரில் எண்பது சரிதான், கிலோபாஸ்கலில் அது வெறும் எட்டு. பத்து மடங்கு இழுப்பு, பிறந்து மூன்று நாளான வாய்க்குள்... வேண்டாம், அதற்குமேல் நினைக்க வேண்டாம். கால்குலேட்டர் சட்டைப்பையில்தானே இருந்தது, எடுத்தால் என்ன, தெரிந்த கணக்கு என்கிற தலைக்கனமா?

வார்டில், நேற்று அந்த அட்டையைப் பார்த்து எண்பதில் வைத்த நர்ஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள், வலது கட்டைவிரல் நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம். குழந்தையிடம் கொண்டுபோகும் முன் குழாயின் வாயைத் தன் விரலில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம், நேற்று சுள்ளென்று கவ்வி இழுத்ததும் கருவியை நிறுத்திவிட்டு வேறு கருவி எடுத்திருக்கிறாள், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று ராத்திரி எத்தனை தடவை தனக்கே சொல்லிக்கொண்டாள் மீட்டரக்கா... அந்த விரல் பழக்கத்தைப் போன மாதம் கிண்டல் செய்ததும் இவள்தான், மீட்டர் இருக்கும்போது விரல் எதற்கு, நான் என்ன பொம்மையா மாட்டியிருக்கிறேன் என்று, எல்லார் முன்னாலும்.

"ரிப்போர்ட்ல எழுதிட்டேன்க்கா. எழுதாம இருக்க முடியல."

"எழுதத்தான் வேணும். நான் அன்னிக்குச் சொன்னதை நீ கேட்டிருந்தா..."

"நல்லவேளை, நான் யார் பேச்சையும் கேக்கறதில்ல. என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க."

சிரிக்கத்தான் நினைத்தாள், வரவில்லை. நன்றி என்பது எவ்வளவு சின்னச் சொல், அதைக்கூட இவளிடம் எப்படிச் சொல்வது, கையைப் பிடித்துக்கொண்டாள், வட்டம் இருந்த விரலை மட்டும் வலிக்காமல் ஒதுக்கி. மூலைப் படுக்கையில் அந்தக் குழந்தையின் தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், யாரோ எவரோ என்று இவளைப் பார்த்துப் புன்னகைத்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது, டாக்டர் சாயங்காலம் சொல்வார், அப்போது தானும் பக்கத்தில் நிற்க வேண்டும், நிற்பாள். புது அட்டையை ஒட்டி, பம்பை ஓட்டி, முள்ளை எட்டில் நிறுத்தி, இந்தத் தடவை குழாயைத் தன் விரலிலும் வைத்துப் பார்த்தாள், மெல்லிய இழுப்பு, பூனைக்குட்டி நக்கினாற்போல.

"இதுக்கு முன்னாடியும் என் மீட்டர் எதுலயாவது இப்படி..."

நர்ஸ் துணியை மடித்தபடியே சொன்னாள், "ரெண்டு மூணு தரம் இருக்கும்க்கா. இவ்ளோ இல்ல. நானே கொஞ்சம் குறைச்சு வச்சுக்குவேன். எதுன்னு ஞாபகமில்ல."

ரெண்டு மூணு தரம்... இந்த வார்டில் மட்டும், இவள் ஒருத்தி மட்டும். கீழே மூன்று மாடி, எத்தனை வார்டு, எத்தனை விரல், யார் யாரெல்லாம் சத்தமில்லாமல் குறைத்து வைத்திருப்பார்கள்?