மூழ்கிய கப்பலை எழுப்ப நாலு வரி

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னது எந்தப் பத்திரிகையும் இல்லை, ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர். நாலு வரி போதும், மதியச் சாப்பாடு முடிவதற்குள் வேண்டும் என்றார். நாலு வரியில் நிற்காமல் இப்படி நீண்டுவிட்டது. அதற்கு அவர் பொறுப்பில்லை.

வராத போருக்குக் கதை எழுதுவது என் பிழைப்பு. இங்கே வர்ஜீனியாவில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பெரிய ராணுவ அதிகாரிகள் கூடிப் போர் விளையாடுவார்கள். மேசை முழுக்கக் கடல் வரைபடம், அதன்மேல் மரக்கட்டைக் கப்பல்கள். நீல அணி நாங்கள், சிவப்பு அணி எதிரி. எதிரி எந்த நாடு என்று கேட்காதீர்கள். காகிதத்தில் பெயர் இருக்காது, அறையில் எல்லோருக்கும் தெரியும். எது மூழ்கியது, எது தப்பியது என்று நடுவர் சொல்வார். ஆட்டத்தின் இடையே வந்து விழும் செய்திகளை நான் எழுதுவேன். நன்றாகவே எழுதுவேன். நான் எழுதிய புயலைக் கேட்டுவிட்டு ஒரு ஜெனரல் குடை தேடினார்.*

* பொய். ஆனாலும் நல்ல பொய்.

2.

'பசிபிக் கடல் அன்று அமைதியாக' — வேண்டாம். கடல் அமைதியாக இருக்கிறது என்று தொடங்கினால் அடுத்து என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

'கொரின் டட்டில் அஞ்சாத பெண்' — இதுவும் வேண்டாம். அவள் பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுவாள்.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு அணிக்கு எப்போதும் கொரின்தான் தலைவி. வருடக்கணக்காக எதிரியாக இருந்து பழகிவிட்டாள். இன்று காலை நீல அணியின் அட்மிரல் ஆஷ்பி, தன்னிடமிருந்த காவல் கப்பல்களை எல்லாம் விமானந்தாங்கிக் கப்பல்களைச் சுற்றி நிறுத்தினார். பின்னால் வந்த எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் இல்லை. கொரின் பெரிய கப்பல்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எண்ணெய்க் கப்பல்களை அடித்தாள்.

"அதுல ஒரு பீரங்கி கூடக் கிடையாதேம்மா," என்றார் ஆஷ்பி.

"அதனாலதான் சார் அடிச்சேன்."

நடுவர் ஹால்வர்சன் (எனக்கு நாலு வரி கேட்ட கேப்டன் இவர்தான்) அந்தக் கட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தார். எண்ணெய் இல்லாமல் மொத்தப் படையும் நடுக்கடலில் நிற்கும். போர் அவ்வளவுதான். ஆட்டமோ மூன்று நாள். ஹவாயிலிருந்தெல்லாம் ஆள் வந்திருக்கிறார்கள், ஓட்டலில் அறை போட்டாயிற்று. முதல் நாள் சாப்பாடு வருவதற்குள் நாங்கள் தோற்றுவிட்டோம்.

3.

ஆட்டம் இப்படிச் சீக்கிரம் முடிந்தால், மூழ்கியதை எழுப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். இதில் யாருக்கும் வெட்கமில்லை. வந்தவர்களுக்குப் பயிற்சி கிடைக்க வேண்டாமா? ஆனால் கப்பல் சும்மா எழுந்து வராது, அதற்கொரு காரணம் வேண்டும். காரணம் சொல்வது என் வேலை.

"கொஞ்சம் அடிபட்டுச்சு, தப்பிச்சிருச்சுன்னு எழுதிருப்பா," என்றார் ஹால்வர்சன். "சாப்பிட்டு வந்ததும் மைக்ல வாசிச்சிடறேன்."

"காலையில நடந்தது அறிக்கையில வருமா கேப்டன்?"

"ஆட்டம் எப்படி முடியுதோ அதுதான் வரும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். மூன்றாம் நாள் நீல அணி ஜெயிக்கும். எண்ணெய்க் கப்பல்கள் தாக்குப்பிடித்தன என்று மேலிடத்துக்கு அறிக்கை போகும். நிஜ எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் கேட்டுக் கத்துகிறவர்களிடம் அதையே நீட்டி வாயை அடைப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பரிமாறுகிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் முடியும். நான் கெட்டிக்காரன்.

[இங்கே ஒரு கட்டுரைப் பத்தி இருந்தது. இவ்வளவு பெரிய வல்லரசுக்கு எதிரியின் ஏவுகணையைக் கண்டு பயப்படத் தெரிகிறது, அந்தப் பயத்துக்குப் பணமும் ஒதுக்குகிறார்கள்; தன் எண்ணெய் தீர்ந்துபோகும் என்று பயப்படத் தெரியவில்லை என்று இரண்டு பக்கம் பொரிந்து தள்ளியிருந்தேன். எடுத்துவிட்டேன். விஷயம் இவ்வளவுதான்.]

'ஏவுகணைகள் குறி தவறி' — எல்லாமேவா தவறும்?

'திடீரென்று எழுந்த புயலில்' — போன தடவையும் புயல்தான்.

'பனிமூட்டத்தில் எதிரி அடித்தது கைவிடப்பட்ட பழைய சரக்குக் கப்பல்களை. எண்ணெய்க் கப்பல்கள் பத்திரம்.' அருமை. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

4.

கொரின் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுதிட்டியாய்யா, எழுத்தாளரே?"

வாசித்துக் காட்டினேன். இரண்டு வரிதான், மீதி இரண்டு அலங்காரம். எப்போதும் ஏதாவது நக்கல் அடிப்பாள், இன்று அடிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. வேட் பொழச்சுக்கிட்டான்."

"எந்த வேட்?"

"என் தம்பி. இந்த மாதிரி எண்ணெய்க் கப்பல்லதான் இன்ஜின் ரூம்ல இருக்கான். கட்டையில இல்ல, நெசக் கப்பல்ல. பட்டாளத்துக்காரன் கூடக் கிடையாது, சம்பளத்துக்குப் போறவன்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே."

"சொன்னா, தம்பிக்காகப் பேசுறாடான்னு என்னை இந்த ரூம்ல இருந்தே தூக்கிருவாங்க. அப்புறம் யாரு அடிச்சுக் காட்டுவா?"

"இப்ப என்னை என்ன செய்யச் சொல்ற?"

"அவனைச் சாகவிடு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"உன் காகிதத்துல சாகட்டும்யா. நீ அதுல பொழைக்க வைக்கிற ஒவ்வொரு தடவையும் நெசக் கடல்ல அவனுக்குக் காவல் வேண்டாம்னு ஆயிருது. பனிமூட்டமாம், பனிமூட்டம்."

என் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6.

(ஐந்தாம் பகுதியில் வேட் என்ற ஆளையே நீக்கிப் பார்த்தேன். கண்ணீருக்காக ஒரு தம்பியைக் கொண்டுவந்துவிட்டான் என்று நீங்கள் சொல்வீர்களே என்ற கவலை. அவன் இல்லாமலும் கொரின் சொன்னது சரியாகவே இருந்தது. எண்ணெய் இல்லாத கப்பல் யாருடைய தம்பிக்காகவும் ஓடாது. ஆனால் அந்தக் கணக்கு காலையிலேயே எனக்குத் தெரியும், அப்போது என் கை நிற்கவில்லையே. பெயரைக் கேட்ட பிறகுதான் நின்றது. என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. ஐந்தைக் கிழித்துப் போட்டேன், வேட் இருக்கட்டும்.)

7.

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் ஹால்வர்சன் மனம் மாறி உணர்ச்சியோடு பேசுகிறார், ஆஷ்பி தலைகுனிகிறார். நான் இந்த அறையில் இருந்தவன், அது நடக்காது. இன்னொன்றில் என்னை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். அது நடக்கலாம், ஆனால் கதை என்னைப் பற்றியது இல்லை.

எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பனிமூட்டத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு வேறொரு தாளை ஹால்வர்சனிடம் கொடுத்தேன். அதில் ஒரே வரி: 'எண்ணெய்க் கப்பல்கள் மூழ்கிவிட்டன.'

"மீதி எங்கப்பா?" என்றார் மெதுவாக.

"அவ்வளவுதான் கேப்டன்."

"மூணு நாளைக்கு இவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஏன் மூழ்குச்சுன்னு பேசட்டும்."

அவர் தாளைப் பார்த்தார். கொரினைப் பார்த்தார். என் தாள் இல்லாமலே கப்பலை எழுப்ப அவரால் முடியும், எத்தனையோ தடவை எழுப்பியவர். மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

இதற்குமேல் எழுத மாட்டேன். பயத்தால் இல்லை, எழுதினால் என் பழக்கதோஷத்தில் யாரையாவது காப்பாற்றிவிடுவேன். இதுவரை கூடவே வந்திருக்கிறீர்கள், மைக்கை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். வேட் இந்த நேரம் எங்கோ கடலில் வேலையில் இருக்கிறான். அவனுக்கு உங்களைத் தெரியாது. அறையில் பேச்சு நின்றுவிட்டது. என்ன சொல்லப் போகிறீர்கள்?