ராணியிடம் யாரும் கேட்கவில்லை

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பழைய சோக நாடகங்களை ஒப்பிடும் கட்டுரை. ஒன்று, இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆடிய கூத்து: ஒற்றன் பேச்சை நம்பி ராஜா தன் ராணிக்கு மரண தண்டனை கொடுக்கிறான். மற்றது, பதுளைக்கு வந்த நாடகக் கம்பெனி போட்டது: நண்பன் பேச்சை நம்பி ஒரு கப்பல் வியாபாரி அடைமழையில் மனைவியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான், ஆற்று வெள்ளம் அவளைக் கொண்டுபோகிறது. இரண்டிலும் அவள் செத்த பிறகுதான் உண்மை வந்து சேர்கிறது. இரண்டிலும் கணவன் நெஞ்சிலடித்துக்கொண்டு அழுகிறான், நன்றாகவே அழுகிறான். இரண்டிலும் அவளிடம் ஒரு கேள்விகூடக்

இந்த இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. பெரியாயி வந்துவிட்டாள்.

2

வருடம் 1911. பெரியாயி அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கணவன் முருகையா, கூத்தில் வருடா வருடம் ராஜா வேஷம் கட்டுபவன். [“ராஜாவைப் போலவே அவனும் சந்தேகக்காரன்” என்று எழுதி அடித்துவிட்டேன். சாதாரண மனிதன்தான், நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று பயந்தவன்.]

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளையிலிருந்து துணி மூட்டையோடு வரும் வியாபாரி ஷுக்ரியுடன் பெரியாயி ஓடைக்கரையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் கங்காணி அதைச் சொல்லிச் சிரித்தான். வேலை முடிந்து வந்ததும் முருகையா அவள் சேலைகளை அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் வீசினான்.

“என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்த கேளுங்களேன்.”

“போடி!”

லுணுகலையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

3

அடுத்த ஞாயிறு வந்த ஷுக்ரி, விஷயம் தெரிந்ததும் மூட்டையைத் தொப்பென்று இறக்கினான்.

“முருகையாண்ணே, நான் பதுளையில பாத்த நாடகத்தோட கதையத்தான் அவங்க கேட்டாங்க. வெளிய தள்ளுறப்ப அந்தப் பொம்பள என்ன சொன்னான்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அவளுக்கு அங்க பேச்சே இல்லண்ணே. அழுது ஒரு பாட்டு, அவ்வளவுதான்.”

4

இங்கே முருகையாவை நெஞ்சிலடித்து அழவைக்கலாம். அவனுக்குப் பழக்கமான வேலைதான். [எழுதிப் பார்த்தேன். கூத்து மாதிரி இருந்தது.] அவன் செய்தது, மலைப்பாதையில் லுணுகலைவரை நடந்தது மட்டும்.

பெரியாயி அண்ணன் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஷுக்ரி எல்லாஞ் சொல்லிட்டான். வா, போவோம்.”

அவள் நிமிரவில்லை. “அவரு சொன்னாரு. நீங்க இன்னும் கேக்கலயே.”

ராஜா வேஷத்தில் மணிக்கணக்காக நின்று பேசுகிறவன் வாசல்படியில் உட்கார்ந்தான்.

“என்ன நடந்துச்சு, புள்ள?”

அவள் சுளகைக் கீழே வைத்தாள். ஓடைக்கரையிலிருந்து ஆரம்பித்தாள்.

5

அந்த இரண்டு நாடகங்களும் முடிந்ததற்குக் காரணம், அந்தப் பெண்கள் செத்துப்போனது. பெரியாயி பேசிக்கொண்டிருக்கிறாள். அவனோடு திரும்பிப் போனாளா என்று மூன்று விதமாக எழுதினேன், மூன்றையும் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நானேதான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

அவள் சொல்லி முடிக்கட்டும். பிறகு நீங்களே அவளிடம் கேளுங்கள்.