அழித்ததெல்லாம் ஏறிய உடம்பு

கல்யாண போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் யார் படத்திலிருந்து எதை அழித்தாலும், விடிவதற்குள் அது அவர் உடம்பில் ஏறிவிடும். முதல் வருஷம் பருக்கள். பிறகு தாய்மாமன்களின் மருக்கள், அத்தைகளின் கருவளையங்கள், சீழ் கோத்த ஒரு கட்டி, யாருடையதென்றே தெரியாத ஒரு இரட்டைத் தாடை. ஊருக்கே இது தெரியும். முடிவெட்டுகிறவர் அக்குளில் கத்தி வைக்கும்போது, "இந்த மரு பேங்க் மேனேஜர் சம்சாரத்தோடதுதானே?" என்று சாதாரணமாகக் கேட்பார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவருக்கே தன்னைத் தொட அருவருப்பு. எண்ணெய் வழியும் வாயோடு மேடையேறி, அவர் தோளில் கையைத் துடைத்தபடி, "என்னைய கொஞ்சம் ஒல்லியாக்கிருங்க தம்பி" என்பவர்களைக் கண்டால் அதைவிட அருவருப்பு. யாரும் சொல்லாமல் யாராவது வாய்விட்டுச் சிரித்து, அது கேமராவில் சிக்கினால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கும்.

தங்கை கல்யாணத்தையும் அவரேதான் எடுத்தார். மோதிரம் மாற்றும் படம் சரியாக விழவில்லை என்று மாப்பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் போடவைத்தார். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு மணமக்கள் உடை மாற்ற உள்ளே போய்வந்தார்கள். ஆல்பம் தயாராகும்போது தங்கையின் மாமியார் போன் செய்தார். "பொண்ணு கையில ஏதோ கறை மாதிரி தெரியுது. சுத்தம் பண்ணிருங்க." பழக்கத்தில் கை அழித்துவிட்டது. காலையில் வலி தாங்காமல் விழித்தார். அதுவரை ஏறிய எதுவும் வலித்ததில்லை. மேல்கையில் ஐந்து விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. ஒரு விரலின் அடியில், கேமராவை ஒட்டிவைத்து அவரே எடுத்த மாப்பிள்ளை மோதிரத்தின் பூவேலை. தங்கையிடம் போய்க் காட்டியபோது அவள் அழவில்லை. அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டு, "முழுக்கை போட்டுக்கண்ணா" என்றாள்.

அவர் கேட்காமல் பெரியவர்களைக் கூப்பிட்டார். அவள் இனி மாப்பிள்ளை வீட்டில் இருப்பதா வேண்டாமா என்று பேச இரு குடும்பமும் உட்கார்ந்தது. அடித்ததே இல்லை என்று மாப்பிள்ளை சத்தியம் செய்தான். மாமியார் ஆல்பத்தை விரித்தார். "எங்க இருக்கு காயம்? இவங்க அண்ணன் எடுத்த படம்தானே?" படத்தில் தங்கையின் கை வெண்ணெய் மாதிரி இருந்தது. போட்டோக்காரர் சட்டையைக் கழற்றினார். சிலர் மூக்கைப் பொத்தினார்கள். "கைய வைங்க மாப்ள," என்றார். அவன் மறுத்தான், அவனுடைய அப்பாவே மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வைத்தார். விரல்கள் பொருந்தின, மோதிரம் தன் பள்ளத்தில் உட்கார்ந்தது. அது எப்படி அவர் உடம்புக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. "கறைன்னுதான் நெனச்சேன்," என்று மாமியார் முணுமுணுத்தார். தங்கை அதற்குள் பெட்டியை எடுத்து வந்துவிட்டாள்.

அந்த விரல்தடம் மறையவேயில்லை. மனைவி சுவரை விட்டுத் திரும்பி, மேனேஜர் சம்சாரத்தின் மருவில் பட்டுவிடாமல், அதற்கு மட்டும் மருந்து தடவினாள். அவர் அதன்பின் யாருடைய கையிலிருந்தும் எதையும் அழிக்கவில்லை. அடுத்த கல்யாணத்தில் மணமகனின் அப்பா மூக்கு மருவை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தார். முதுகில் இன்னும் இடம் இருந்தது.