குளிரில் இனித்த கிழங்கு

விடியும் முன்பே எவாரிஸ்தா மேட்டுக் கல்கொட்டகையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கத் தொடங்கிவிட்டாள். உறைபனியில் புல் காலடியில் நொறுங்கியது. முதுகுக் கயிறு தோளை அறுத்தது. கடைவாயில் அதக்கிய கோக்கா இலைதான் பசியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது.

அந்த ஆந்திஸ் மலைச்சரிவில் எல்லாருமே வறுவல் கம்பெனியின் குத்தகைக்காரர்கள். போன அறுவடையில் அவள் கிழங்கு எண்ணெயில் போட்டதும் கருத்துவிட்டது. மறுபடி கருத்தால் நிலத்தைவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

இந்த முறை கம்பெனி லாரி வந்ததோ அறுவடை முடிந்து வெகுநாள் கழித்து, பனி கொட்டும்போது. மற்றவர்கள் கிழங்கை அடுப்பங்கரை ஓரமாகக் குவித்திருந்தார்கள். எவாரிஸ்தா தன் வீட்டு வழக்கப்படி புழு அண்டாத குளிர்மேட்டில் வைத்தாள். குளிரில் கிழங்கு இனிக்கும். அவித்துத் தின்றால் அந்த ருசியே தனி. அந்த இனிப்பே குடியைக் கெடுக்கும் என்று பாவம், அவளுக்கு யார் சொன்னார்கள்?

எஞ்சினியர் பர்ரேதா லாரிக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, ஒவ்வொருவர் கிழங்கையும் சீவி எண்ணெயில் போட்டான். எல்லாருடையதும் பொன்னிறமாக மிதந்தது. எவாரிஸ்தாவுடையது கருகலாக மேலே வந்தது. பர்ரேதா அதை ஒதுக்கித் தள்ளினான்.

"உன்னோடது வேணாம்."

"தீஞ்சிருக்கும்யா. இன்னொரு தடவ போட்டுப் பாருங்க."

"தீயல. குளிர்ல சர்க்கரை ஏறிடுச்சு. அதப் பொரிச்சா கருக்கும், அக்ரிலமைடுங்கற நஞ்சும் உண்டாகும். உடம்புக்குக் கெடுதி."

"லாரி காலாகாலத்துல வந்திருந்தா எதுக்குய்யா குளிர்ல கெடக்கப் போகுது?"

பர்ரேதா கரண்டியைத் துடைத்தான்.

"இந்த ரகம் குளிர் தாங்காதுன்னு விதை குடுக்கறப்ப சொன்னீங்களா?" என்றான் பக்கத்து நிலத்து தெல்ஃபின்.

"சொல்லியிருப்போம்."

"எங்க, எங்க கனவுலயா?"

யாரோ சிரித்தார்கள். எவாரிஸ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுக்கு வழியே இல்லையாய்யா?"

"கதகதப்பான எடத்துல கொஞ்ச நாள் வெச்சா சர்க்கரை எறங்கலாம். கம்பெனி கெடங்குல உனக்குன்னு எடம் ஒதுக்க முடியாது. நிலத்தக் காலி பண்ணு. மத்தவங்க ஏத்துங்கப்பா, நேரமாகுது."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்? போக்கிடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை.

தெல்ஃபின் லாரியில் ஏறினான். வாய்க்கால் தகராறில் அவளோடு பேச்சை நிறுத்தியவன் அவன். ஏற்கெனவே ஏற்றியிருந்த தன் மூட்டையை இழுத்துக் கீழே தள்ளினான்.

"ஏய், உன்னோடதுதான் தேறிடுச்சே. உனக்கென்னய்யா வந்துச்சு?" என்று கத்தினான் பர்ரேதா.

"அடுத்த வருஷம் என் வீட்டுக்கு லாரி லேட்டா வரும். அதான் வந்துச்சு. அவ கிழங்கு உங்க கெடங்குல கதகதப்பா கெடக்கட்டும். எங்க எல்லார் முன்னாலயும் திரும்பப் பொரிங்க. அதுவரைக்கும் ஒரு மூட்டையும் ஏறாது."

"உங்க எல்லார் குத்தகையும் போயிடும்."

"எல்லாரையும் தொரத்திட்டு, நீங்களா வந்து தோண்டுவீங்க?"

எல்லாருக்கும் பயம்தான். ஆனால் அடுத்த மூட்டை இறங்கியது. அதற்கடுத்ததும் இறங்கியது. பெண்கள் லாரிக்கு முன்னால் மூட்டைகளைப் போட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்தார்கள். பர்ரேதா போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். மேலிடம் என்ன சொல்லுமோ, போலீஸ் வருமோ, யாருக்குத் தெரியும்.

எவாரிஸ்தா எழுந்து அவர்களிடம் போனாள்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கடி," என்றாள். "எனக்கும் எடம் வேணும்ல."